அம்மாவைக் கடலுக்குக் கூட்டிப்போன கோடை

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. நம்மோடு படித்தவள் ஒருத்தி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் அளவுக் கடலில் நின்று சிரிக்கிறாள். கீழே ஆளாளுக்கு எழுதியிருந்தீர்கள். கடலை முதன்முதலில் எப்போது பார்த்தோம் என்று பேச்சு திரும்பியது. கல்யாணத்துக்குப் பிறகு என்றார்கள் சிலர். அப்பாவுக்குத் திதி கொடுக்க ராமேசுவரம் போனபோதுதான் என்றான் ஒருவன். நான் ஒன்றும் எழுதவில்லை. கட்டைவிரலால் தட்டி முடிக்கிற விஷயமாக எனக்கு அது இல்லை. இன்றைக்கு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை, உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள்தானே, பொறுமையாகப் படிப்பீர்கள்.

அஞ்சாம் வகுப்பில் நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? நமக்கு இந்தப் பக்கமும் மலை, அந்தப் பக்கமும் மலை, நடுவில் ஆறு. தண்ணீர் என்றால் அக்கரை என்று ஒன்று இருந்தாக வேண்டும். கடலுக்கு அக்கரை கண்ணுக்குத் தெரியாது என்று டீச்சர் சொன்னதை ஒருத்தரும் நம்பவில்லை. "அக்கரை இல்லாட்டித் தண்ணி அந்தப் பக்கம் கொட்டிப் போகாதா டீச்சர்?" என்று கேட்டு முட்டி போட்டவன் இந்தக் குழுவிலேதான் இருக்கிறான். அந்த வருடம் முழுப்பரீட்சை லீவில் நான் மட்டும் கடலைப் பார்த்துவிட்டு வந்தேன். நீங்கள் எல்லோரும் சூழ்ந்துகொண்டு கேட்டபோது, "பெருசா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னேன். கர்வம் பிடித்தவள் என்றீர்கள். ஏன் போனோம் என்று வீட்டுக்கு வெளியே சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

மாசி மாதம் எனக்குத் தம்பி பிறந்தான். பத்து வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. அப்பா கம்பத்துக்குப் போய்ச் சேவும் மிட்டாயும் வாங்கி வந்து தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். ஒரு மாதம் தாண்டியது. ஒரு நாள் காலையில் தொட்டிலில் இருந்த பிள்ளை கண் திறக்கவில்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. இன்றுவரை காரணம் தெரியாது.

அம்மா அழவில்லை. எல்லோரையும் பயமுறுத்தியது அதுதான். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். சாப்பாட்டை முன்னால் வைத்தால் ரெண்டு வாய் சாப்பிடுவாள். கேட்டதற்குப் பதில் கிடையாது. பக்கத்து வீட்டிலிருந்த என் பெரியம்மாதான் சமைத்தாள். அவள் தினமும் மல்லிகைப்பூ வாங்கிவந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அம்மாவின் மார்பில் வைத்துக் கட்டிவிடுவாள். வெளியே வரும்போது அம்மாவிடம் பூ வாசம் அடிக்கும். தலையில் வைக்க வேண்டிய பூவை ஏன் ரவிக்கைக்குள் வைக்கிறார்கள் என்று நான் கேட்டேன். "போய் வெளாடு போ" என்றாள் பெரியம்மா. பால் வற்றுவதற்காக அப்படிக் கட்டுவார்கள் என்று எனக்குத் தெரிந்தது, நானே பிள்ளை பெற்ற பிறகு.

இன்னொன்றும் நடந்தது. எங்கள் தெருவில் கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் எங்கள் வாசலைத் தாண்டும்போது குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டார்கள். கண் பட்டுவிடும் என்று சிலருக்குப் பயம். பார்த்தால் அவளுக்கு மனசு வலிக்கும் என்று சிலருக்கு இரக்கம். பெரியம்மா தன் மகள் பிள்ளையோடு வரும்போது பின்வாசல் வழியாக அனுப்பினாள். 'தம்பி' என்ற சொல்லையே வீட்டில் எடுக்கக் கூடாது என்றுவிட்டார் அப்பா. தொட்டில் சேலையை எங்கே கொண்டு போனார் என்று தெரியவில்லை. வீட்டில் குழந்தையே பிறக்காத மாதிரி எல்லாவற்றையும் துடைத்து வைத்தார்கள். எல்லாம் அம்மாவின் நல்லதுக்குத்தான்.

சனிக்கிழமை குச்சனூர்க் கோயிலுக்குக் கூட்டிப்போய் எள் விளக்குப் போட்டார்கள். அம்மா நிற்கச் சொன்ன இடத்தில் நின்றாள். கடைசியில் கம்பத்து டாக்டர், மலையாளி, அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "மருந்து ஒண்ணும் இல்லா. கொஞ்ச காலம் ஸ்தலம் மாறணும்" என்றார், வேறு ஊரில் வைத்திருக்கச் சொல்லி.

அம்மாவின் அண்ணன், என் தாய்மாமா, மெட்ராஸில் துறைமுகத்து ஆபீஸில் வேலை பார்த்தார். தன் வீட்டுக்கே கூட்டிப்போவார் என்று நினைத்தேன். அவரோ நகரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் கிராமத்தில் வாடகைக்கு ஓர் அறை பிடித்திருந்தார். காற்று நல்லது, சத்தம் இல்லாத ஊர் என்றார். பல குடும்பங்கள் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிற வீட்டில் அவர் குடியிருந்தார். பேசாத தங்கையை அத்தனை பேர் கண் முன்னால் வைத்துக்கொள்ள அவருக்குக் கூச்சமாகவும் இருந்திருக்கும். அப்போது அது எனக்குத் தோன்றவில்லை.

அப்பா எங்களைக் கொண்டுவந்து விட்டார். பஸ் சவுக்குத் தோப்பு ஓரத்தில் இறக்கிவிட்டது. மணலில் கால் புதையப் புதைய நடந்தோம். மரங்கள் முடிந்த இடத்தில் வானம் கீழே இறங்கி வந்த மாதிரி இருந்தது. நான் முதலில் தேடியது அக்கரையைத்தான். இல்லவே இல்லை. "அம்மா, அங்கன பாரும்மா!" என்று கத்தினேன். அம்மா காலடி மணலைப் பார்த்தபடியே நடந்தாள். அப்பாவுக்குத் திராட்சை வெட்டு நேரம். அன்றைக்கே திரும்பிவிட்டார்.

எங்கள் அறை, ஓலை வீட்டுக்குப் பின்னால் ஓடு போட்டுக் கட்டியது. வீட்டுக்காரம்மா மீன் விற்பவள். விடியும் முன்பே கூடையோடு பஸ் ஏறி நகரத்துச் சந்தைக்குப் போய்விட்டு, வெயில் ஏறத் திரும்பி வருவாள். அவள் புருஷன் கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர், அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து அவள் பேசினாள். மகள் பிரசவத்துக்கு வந்து, ரெண்டு மாதப் பெண் குழந்தையோடு அங்கேயே இருந்தாள்.

"காய்ச்சல்ல விழுந்து எந்திரிச்சவ. பேசமாட்டா. தொந்தரவு பண்ணாதீங்க" என்று மாமா அவளிடம் சொல்லி வைத்திருந்தார். அதற்கு மேல் சொல்லவில்லை. அங்கே யாருக்கும் எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. அப்படி ஓர் இடத்தில் இருப்பது எவ்வளவு லேசாக இருந்தது என்பதை இப்போதுதான் வார்த்தையாக்க முடிகிறது.

வீட்டுக்காரம்மா தொந்தரவு பண்ணினாள். முதல் நாளே அறை வாசலில் வந்து நின்று, "இன்னா தங்கச்சி, துன்னியா இல்லியா?" என்றாள். பதில் வராததைக் கண்டுகொள்ளவே இல்லை. சந்தையில் நடந்த சண்டை, பஸ் கண்டக்டர் கூடையை ஏற்ற மாட்டேன் என்றது, அவனுக்கு இவள் கொடுத்த பதில் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்வாள். நடுவில் "நீயே சொல்லு, நியாயமா?" என்பாள். அம்மா சும்மா இருப்பாள். "அதான் நானும் சொன்னேன்" என்று மேலே போவாள்.

நான் நாளெல்லாம் கரையில் கிடந்தேன். கிணற்றுத் தண்ணீரில் லேசான உப்பு இருந்ததால் சோறும் காப்பியும் கூடக் கரித்தன. கருவாட்டு வாசம் துணியில் ஏறிக்கொண்டது. மத்தியானம் கட்டுமரத்தைக் கயிறு அவிழ்த்து ஒவ்வொரு மரமாகப் பிரித்து மணலில் காயப்போடுவார்கள். மறுநாள் அதே மரங்களைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் போவார்கள். என் இடது கால் செருப்பை அலை கொண்டுபோய்விட்டது. மற்றதை வெகுநாள் வைத்திருந்தேன், திருப்பிக் கொண்டுவரும் என்று. சாயங்காலம் வெயில் தாழ்ந்தாலும் வெளிச்சம் சீக்கிரம் போகாது. நம் ஊரில் சூரியனை மலை மறைத்துவிடும். அங்கே மறைக்க ஒன்றும் இல்லை.

ஒரு நாள் வீட்டுக்காரம்மாவின் மகளுக்கு அம்மை போட்டுவிட்டது. உடம்பெல்லாம் கொப்புளம், நெருப்பாகக் காய்ச்சல். வேப்பிலை கட்டி, அவளை உள்ளே படுக்கவைத்து, குழந்தையை அவளிடமிருந்து பிரித்துவிட்டார்கள். ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து சங்கில் புகட்டினார்கள். குழந்தை எல்லாவற்றையும் கக்கியது. அழுது அழுது குரல் கம்மிப்போனது.

அன்று மத்தியானம் வீட்டுக்காரம்மா அந்தக் குழந்தையோடு எங்கள் அறைக்கு வந்தாள். வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். "தங்கச்சி, கொஞ்சம் புடி இத. உள்ள பொண்ணுக்குத் தண்ணி குடுத்துட்டு வந்துர்றேன்" என்று சொல்லி, அம்மாவின் மடியில் குழந்தையைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஊரில் இத்தனை நாளாக மூடி மூடி வைத்ததை, இவள் மடியிலேயே போட்டுவிட்டாள். அம்மா கைகளைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தாள். குழந்தை தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, வாயைத் திறந்து எதையோ தேடியது. பிறகு கம்மிய குரலில் அழுதது. அம்மாவின் ரவிக்கையில் ரெண்டு பக்கமும் ஈரம் பரவியது. அவள் குனிந்து அதைப் பார்த்தாள்.

வீட்டுக்காரம்மா திரும்பி வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். ஈரத்தைப் பார்த்தாள். அம்மா முகத்தைப் பார்த்தாள். அவளுடைய பேச்சு நின்றதை அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

"ஏம்மா, உன் கொயந்த எங்க?" என்றாள் மெதுவாக.

நான்தான் சொன்னேன். "தம்பி செத்துப் போச்சு."

எங்கள் வீட்டில் அதைச் சத்தமாகச் சொன்ன முதல் ஆள் நான். அடி விழும் என்று நினைத்தேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணுக்குக் கண் பார்த்தது எத்தனையோ நாளைக்கப்புறம். வீட்டுக்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உன் இஷ்டம் தங்கச்சி. வேணான்னா எடுத்துக்கினு போறேன்" என்றாள்.

அம்மா ரவிக்கை ஊக்கைக் கழற்றினாள்.

அதற்குப் பிறகு குழந்தை அழும்போதெல்லாம் அம்மாவே எழுந்து போய் எடுத்து வந்தாள். முதல் ரெண்டு மூன்று நாள் பால் போதவில்லை, சங்குப் பாலும் சேர்த்துக் கொடுத்தார்கள். வீட்டுக்காரம்மா சின்னச் சுறா மீன் வாங்கி வந்து, பூண்டு தட்டிப்போட்டுப் புட்டு செய்து அம்மாவுக்குக் கொடுத்தாள். அம்மா தட்டை வழித்துச் சாப்பிட்டாள். நான் கரைக்குப் போகாமல் அறையிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். பேசுவாளோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பேசவில்லை. ஆனால் குழந்தையைக் குளிப்பாட்டும்போது தொண்டைக்குள் ஏதோ ஒரு சத்தம், பாட்டு மாதிரி, கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். கையில் ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பார்த்துவிட்டார்.

"யாரு பிள்ளை இது?"

நான் சொன்னேன். மாமா நகரத்துக்குப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது, மெட்ராஸ் தமிழ்தான் பேசுவார். அன்றைக்குக் கோபத்தில் நம் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "அம்மை போட்ட வீட்டுல ஒக்காந்து, யாரு எவருன்னு தெரியாத பிள்ளைக்குப் பாலு குடுக்குறியா? என்ன சாதி என்ன சனம்? ஊருல தெரிஞ்சா என்ன பேசுவாக? எந்திரி! இப்பவே கெளம்பு! ஏய் புள்ள, துணிமணிய எடு!"

சத்தத்தில் குழந்தை திடுக்கிட்டு வாயை எடுத்தது. அம்மா முந்தானையைச் சரிசெய்து, அதன் தலையை மறுபடி நெஞ்சோடு சேர்த்தாள்.

"அண்ணே, சத்தம் போடாதீக. பிள்ளை பால் குடிக்குது."

தம்பி போன நாளிலிருந்து அம்மா பேசிய முதல் பேச்சு அது. குரல் கரகரவென்று, பழகாத குரல் மாதிரி இருந்தது. மாமா ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கீழே வைக்கவும் தெரியாமல் நின்றார். கொஞ்ச நேரத்தில் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். போனவர் அப்பாவுக்குத் தந்தி கொடுத்தார்.

அப்பா வருகிறார் என்று தெரிந்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. அப்பா கோபக்காரர் என்பது உங்களுக்கே தெரியும், தோட்டத்தில் கொய்யா பறித்து அவரிடம் மாட்டியவர்கள் நம்மில் உண்டு. இழுத்துக்கொண்டு போய்விடுவார், குழந்தை பசியில் கத்தும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவும் மாமாவும் சேர்ந்து வந்தார்கள். அப்பா கையில் பன்னீர் திராட்சைக் கூடை, வழியில் நசுங்கிச் சாறு ஒழுகிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று உள்ளே பார்த்தார். அம்மா பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அப்பா கூடையை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்து, "நசுங்கிப் போச்சு. நல்லதாப் பாத்து எடுத்துக்கங்கம்மா" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு கரைக்கு நடந்தார். மாமாவும் பின்னாலேயே வந்தார்.

காயப்போட்டிருந்த கட்டுமரத்தின் மேல் அப்பா உட்கார்ந்தார்.

"ஏ ஆத்தா, ஒங்கம்மா பேசுறாளா?"

"பேசுறாக."

"என்ன பேசுறா?"

"நேத்து, கொழம்புல உப்புப் பத்தலன்னு சொன்னாக."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். கடல் காற்றில் எல்லோருக்கும் முகம் பிசுபிசுக்கும், அதனால்தான் என்று நினைத்தேன்.

மாமா நின்றுகொண்டே பேசினார். "மாப்ள, சாதியை விடுங்க. ஏதோ கோவத்துல பேசிட்டேன். இன்னிக்கு அள்ளி அள்ளிக் குடுக்குறா. அந்தப் பிள்ளையோட ஆத்தாவுக்கு ஒடம்பு தேறுனதும், இவ கையில இருந்து வாங்கிருவாகல்ல? ரெண்டாம் தடவையும் பிள்ளைய விட்டுட்டு வரணுமே, தாங்குவாளா? அதை நெனச்சீகளா?" சொல்லும்போதே அவர் உதடு நடுங்கியது.

இதைப் பல வருடம் நான் மறந்திருந்தேன். வாசலில் நின்று சாதி கேட்டு, ஏய் புள்ள என்று அதட்டிய மாமாதான் மனதில் இருந்தார். பிள்ளையை இழந்தவர்களைச் சுற்றி நிற்பது என்ன பாடு என்று தெரிந்த வயதில்தான் அந்த உதடு நினைவுக்கு வந்தது. ரெண்டும் அவர்தான். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை அழிக்க முடியவில்லை.

அப்பா மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு மச்சான். ஆனா நாம செஞ்சதுல ஒண்ணுகூட அவளைப் பேச வைக்கலியே. அவளாக் கெளம்புறேங்குற வரைக்கும் நான் கூப்பிட மாட்டேன்."

திராட்சை வெட்டைப் பெரியப்பாவிடம் விட்டுவிட்டு அப்பா அங்கேயே தங்கினார். வீட்டுக்காரரோடு கரையில் உட்கார்ந்து வலை சிக்கெடுத்தார். அவருக்கு அது வரவே இல்லை, இன்னும் சிக்கலாக்கினார். அவர்கள் ரெண்டு பேரும் மணிக்கணக்காகப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள், சந்தோஷமாகவே.

மகளுக்குக் கொப்புளம் காய்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். குழந்தையை வாங்கப் போகிறார்கள் என்று நான் அறை மூலையில் ஒண்டிக்கொண்டேன். வாங்க யாரும் வரவில்லை. அம்மாதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்தப் பெண் மெலிந்து, முகமெல்லாம் தழும்போடு, கை நீட்டப் பயந்து உட்கார்ந்திருந்தாள். பெற்ற குழந்தை தன்னை மறந்திருக்குமோ என்று அவளுக்குக் கவலை.

"மொதல்ல உன்கிட்ட குடிக்கட்டும். பத்தலன்னா நான் தாரேன்" என்று அம்மா அவள் மடியில் வைத்தாள். குழந்தை கொஞ்சம் முரண்டு பிடித்தது. அம்மா அதன் கன்னத்தை விரலால் தொட்டுத் திருப்பிவிட்டாள். அப்படிச் சில நாள் போனது. அம்மாவிடம் வருவது குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் முழுக்க வரவே இல்லை. அன்று சாயங்காலம் அம்மா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டே அப்பாவிடம், "நாளைக்குக் கெளம்புவோம்" என்றாள்.

கிளம்பும்போது வீட்டுக்காரம்மா பஸ் வரைக்கும் வந்தாள். வழியெல்லாம் பேசினாள், கருவாட்டை எப்படி வைக்க வேண்டும், எப்போது வெயில் காட்ட வேண்டும் என்று. பஸ் வந்ததும் பேச்சை நிறுத்தி அம்மாவின் முகத்தை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் கையில் இருந்த மீன் வாசம் அம்மா கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. நாங்கள் மறுபடி அங்கே போகவே இல்லை. இன்று அந்தக் கரை நெடுக விடுதிகளும் மதில்களுமாக இருப்பதாக என் மகன் சொல்கிறான். அந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. அவளுக்கும் இப்போது ஐம்பது ஆகியிருக்கும்.

எழும்பூரில் மாமா ரயில் ஏற்றிவிட வந்தார். பகல் வண்டி. வண்டி நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அம்மாவின் விரல்மேல் மாமா கையை வைத்து, கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்தார்.

செங்கல்பட்டு ஏரி தாண்டியபோது அம்மா அழ ஆரம்பித்தாள். முதலில் தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. வயிற்றிலிருந்து வருகிற சத்தம், மொத்தப் பெட்டியும் திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பா "ஷ்" என்பார் என்று அவரைப் பார்த்தேன். எதிர் சீட்டில் இருந்த ஒரு அம்மாள், "என்னங்க, ஏன் அழறாங்க?" என்று கேட்டாள். அப்பா தொண்டையைச் செருமினார்.

"எங்க பையன் எறந்துட்டான்மா. ஒரு மாசத்துக் குழந்தை. இப்பத்தான் அழுகுறா. அழுகட்டும்."

அந்த அம்மாள் என்னைத் தன் பக்கம் இழுத்து உட்காரவைத்து, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தாள். அம்மா விழுப்புரம் வரைக்கும் அழுதாள். அதற்கப்புறம் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அவன் சிரிச்சான். நீங்க பாக்கல" என்றாள்.

அப்பா திரும்பினார். "எப்ப?"

"கடைசி வாரம். குளிப்பாட்டித் தொடைச்சு விட்டேன். என் மொகத்தைப் பாத்துச் சிரிச்சான். நீங்க வெட்டுக்குப் போயிருந்தீக."

"எங்கிட்ட சொல்லலியே."

"சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள..."

அப்பா இடத்தை விட்டு நகர்ந்து, அம்மாவின் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எப்படிச் சிரிச்சான்? சொல்லு" என்றார்.

மதுரை வருகிற வரைக்கும் அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள்.